விமானத்தின் வயிற்றுப் பக்கம்

பிளாஸ்டிக் கிட்டில் மாதிரி விமானம் செய்கிறவர்கள் அதன் அடிப்பக்கத்தைக் கடைசியில்தான் கவனிப்பார்கள். சிலர் கவனிப்பதே இல்லை. செய்து முடித்த விமானம் சக்கரத்தை ஊன்றி அலமாரியில் நிற்கப் போகிறது. பார்க்க வருகிறவர் மேலிருந்துதான் பார்ப்பார். இறக்கையின் மேற்புறம், விமானி உட்காரும் கூண்டு, அதன் கண்ணாடி மூடி என்று கண் போகும் இடங்களுக்கே உழைப்பும் போகும். கீழே ஒரே நிறத்தை ஒரு வீச்சில் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

நான் வயிற்றுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன். அங்கே திருப்தி வந்த பிறகுதான் விமானத்தை நிமிர்த்துவேன். இந்தப் பழக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன் வேலையைப் பற்றிக் கொஞ்சம்.

கிட் வாங்கிப் பழக்கமில்லாதவர்களுக்காக: பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் சில பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஸ்ப்ரூ என்போம். உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சும்போது அது ஓடிய வழிதான் அந்தச் சட்டம். விமானத்தின் பாகங்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். நிப்பரால் ஒவ்வொன்றாக நறுக்கி, நறுக்கிய தழும்பை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, இணைப்பை மறைத்து, வர்ணம் அடித்து, கடைசியில் முத்திரையும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படமான டெக்காலைத் தண்ணீரில் நனைத்து ஏற்ற வேண்டும். நான் அதிகம் செய்வது 1/72 அளவு. 6 அடி ஆள் அதில் 1 அங்குலம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 40 அடி கொண்ட ஹரிக்கேன் போர்விமானம் சுமார் 17 சென்டிமீட்டராகி உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும்.

ஏர்ஃபிக்ஸ், டாமியா, ஹாசேகாவா, போலந்தின் ஆர்மா ஹாபி என்று நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. டாமியாவின் கதை எனக்குப் பிடிக்கும். 1946-இல் ஜப்பானின் ஷிசுவோகாவில் மர அறுவைத் தொழிலாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். பர்மா தேக்கில் கட்டிய வீட்டில் உட்கார்ந்து அவர்கள் கிட்டை ஒட்டும்போது அது நினைவுக்கு வரும்.

எங்கள் பெரிய வீட்டில் எங்கள் புள்ளிக்கு என்று இரண்டாங்கட்டை ஒட்டி ஓர் அறை உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை என்ற பழைய கணக்கில் வந்தது. மற்ற புள்ளிகளில் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. எங்கள் அறையில்தான் என் மேசை, வர்ணத்தைக் காற்றால் பீச்சும் ஏர்பிரஷ், அதற்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர் எல்லாம். வளவிலிருந்து, அதாவது நடு முற்றத்திலிருந்து, வரும் வெளிச்சம் காலை நேரத்தில் அந்த வாசல்வரைக்கும் எட்டும். வர்ணத்தைச் சரிபார்க்க அந்த வெளிச்சம் போதும். டியூப்லைட்டில் சரியாகத் தெரிகிற பச்சை, வளவில் கொண்டுபோய்ப் பார்த்தால் வேறு பச்சையாக இருக்கும்.

இந்த வேலையில் செட்டிநாட்டுக்காரனுக்கு முதல் சோதனை வெயில். இணையத்தில் படிக்கிற குறிப்புகளெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. இவ்வளவு தின்னர் கலக்கு, இவ்வளவு தூரத்தில் பிடி, இத்தனை நிமிடம் காயவிடு என்று அவர்கள் சொல்வது மே மாதத்துக் காரைக்குடியில் செல்லாது. ஏர்பிரஷின் மூக்கிலிருந்து கிளம்பிய வர்ணத்துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, தூளாக வந்து உட்காரும். விரலால் தடவினால் சொரசொரப்பு. அதன்மேல் டெக்கால் ஏற்றினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிப்பூச்சு தெரியும்.

இதற்கு வழி சொன்னவர் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் ஒரு பட்டறைக்காரர். பிரைமர் வாங்குவது பற்றிக் கேட்கத்தான் போனேன். கையில் ஒரு விமானத்தின் உடல்பகுதி இருந்தது. வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

“எந்நேரத்துல அடிச்சீங்க தம்பி?”

“மத்தியானம்ண்ணே.”

“அதான். இந்த வெயில்ல நாங்களே பானெட்டைத் தொட மாட்டோம். விடியக்காலையில அடிங்க. மழைநாள்ல அடிக்காதீங்க, வெளுத்துப்போகும். முதக் கோட்டுலயே மூடிப்புடணும்னு நெனைக்காதீங்க. அடிப்பொருள் தெரியணும். மூணாவது கோட்டுல தானா மூடும்.”

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. சூடு குறைந்தால் கரைப்பான் மெதுவாக ஆவியாகும், துளி ஈரமாகப் போய்ச் சேர்ந்து சமமாகப் பரவும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். அந்த வெளுப்பு அப்படி வருவது. நான் அவர் சொன்னதோடு வர்ணத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏர்பிரஷை அருகில் பிடிக்கிறேன், காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிடுகிறேன். கோடைகாலத்தில் அறைக்குள் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கடைப்பொருள்களில் எது ஒத்துவரும், எது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது பலருக்குப் பயன்படும். கிட்டுக்கான வர்ணமும் பசையும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமானத்தபாலில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது தொல்லை. டாமியா அக்ரிலிக்கைக் கரைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நன்றாக வேலை செய்கிறது. உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் வாங்கினால் போதும்: 400 கரடு, 800, 1000, கடைசி மெருகுக்கு 2000. ஆனால் கார் பெயின்டர்கள் பயன்படுத்தும் என்.சி. தின்னரை வெறும் பாலிஸ்டைரீன்மேல் ஊற்றித் துடைக்காதீர்கள். மேற்பரப்பு வெடித்துக் கூழாகிவிடும். அசிட்டோனும் அப்படியே.

கூழாவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மாதிரிப் பசை எதுவும் ஒட்டுவதே அப்படித்தான். டாமியாவின் பச்சை மூடிப் பசை தண்ணீர்போல இருக்கும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியில் இருக்கும் தூரிகையின் நுனியால் இணைப்பை ஓரிடத்தில் தொட்டால் போதும். பசை இடுக்கு வழியாகத் தானே ஓடும். ஓடுவது கண்ணுக்குத் தெரியும்: கோடு ஓரிடத்தில் கறுத்து, அந்தக் கறுப்பு விரைந்து நகரும். அரை நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மயிரிழையாக வெளியே பிதுங்கும். அது பிதுங்கினால்தான் இரண்டு பாகமும் ஒரே பாகமாகிவிட்டது என்று அர்த்தம். அதை மறுநாள்வரை தொடக்கூடாது. காய்ந்ததும் தேய்த்தால் இணைப்பு இருந்த சுவடே தெரியாது. மீந்த ஸ்ப்ரூத் துண்டுகளை அதே பசையில் ஊறப்போட்டால் அருமையான பட்டி கிடைக்கும். கடையில் வாங்கும் பட்டியைவிட நல்லது, ஏனென்றால் அது அதே பிளாஸ்டிக்.

இனி அப்பத்தா, என் அப்பாவின் அம்மா.

நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்குப் போகும்போது பெரும்பாலும் பெண்களையும் பிள்ளைகளையும் ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போவார்கள். மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். அப்பத்தாவின் அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போன சிலரில் ஒருவர். அதனால் 1941 டிசம்பரில் அப்பத்தா ரங்கூனில் ஒரு சிறு பெண். செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு அவர் வாயில் கடைசிவரைக்கும் ‘நம்ம தெரு’தான்.

நான் முதலில் ஒழுங்காகச் செய்து முடித்த விமானங்களில் ஒன்று புரூஸ்டர் பஃபலோ. டாமியாவின் 1/48 கிட். குட்டையான, குண்டான விமானம். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஜப்பானியர் ரங்கூனைத் தாக்கியபோது மிங்களடான் விமானத்தளத்தில் காவலுக்கு இருந்தவை பிரிட்டிஷ் விமானப்படையின் 67-ஆம் அணியின் பஃபலோக்களும், ‘பறக்கும் புலிகள்’ என்று பெயர் வாங்கிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் டோமஹாக்குகளும்தான். இதைப் படித்துவிட்டு, அப்பத்தாவிடம் காட்டவேண்டும் என்றே அதைச் செய்தேன். வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்தேன். மேல்புறத்தில் பச்சையும் பழுப்புமாக அடித்திருந்த மறைப்பு வர்ணத்துக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. விமானத்தை அப்படியே திருப்பித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“நாங்க எங்கப்பா மேல இருந்து பாத்தோம்? அண்ணாந்துல்ல பாத்தோம்.”

அப்புறம் சொன்னார். டிசம்பர் 23 அன்று முதல் குண்டுவீச்சு. சங்கு ஊதியது. ஜனங்கள் குழிக்குள் போகாமல் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். வானத்தில் விமானங்கள் ஒன்றையொன்று துரத்துவதைப் பார்க்க அவ்வளவு கூட்டம். குண்டு விழுந்தபோது செத்தவர்களில் அப்படித் தெருவில் நின்றவர்கள் ஏராளம். அன்றைய ரங்கூனைப் பற்றி எழுதியவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தாவை யாரோ மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போட்டார்கள். அதற்கு முன் அவர் பார்த்தது வானத்தில் சிலுவை சிலுவையாக ஊர்ந்த வயிறுகள். எது நம்மாள், எது அவன் ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. “கறுப்பாத்தான் தெரியும். கலர் எல்லாம் ஒண்ணும் தெரியாது” என்றார்.

பெண்களும் பிள்ளைகளும் கப்பல் ஏறினார்கள். அவருடைய அப்பச்சிக்குக் கப்பல் கிடைக்கவில்லை. ப்ரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங்குக்கு நடந்து வந்து சேர்ந்தார். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் நாலில் ஒரு பங்கு அளவு 1930-களின் கடைசியில் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் அது. அந்த விவசாயிகளின் துயரத்தையும் சேர்த்துத்தான் இதை எண்ண வேண்டும். எப்படி வந்ததோ, போரோடும் அதற்குப் பின் வந்த சட்டங்களோடும் அத்தனையும் போயிற்று. இங்கே இத்தனை பெரிய வீடுகளில் இத்தனை அறைகள் பூட்டிக் கிடப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. நான் 1/72-இல் செய்கிற விமானங்கள் எனக்கு அந்நிய நாட்டுப் போரின் பொம்மைகள் ஆகாமல் போனதற்கும் அதுவே காரணம்.

அப்பத்தா சொன்ன பிறகு அந்த பஃபலோவின் அடிப்பக்கத்தை நானும் முதல்முறையாக ஊன்றிப் பார்த்தேன். அதன் வயிற்றில், விமானியின் காலுக்குக் கீழே, ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. விமானி குனிந்து நேர் கீழே பார்ப்பதற்காக வைத்தது. கிட்டிலும் அதை ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் தனிப் பாகமாகவே கொடுத்திருக்கிறார்கள். மொகல் தெருவில் ஒரு சிறு பெண் அண்ணாந்து பார்த்த நேரத்தில், மேலே ஒருவனுக்கும் கீழே பார்க்க ஒரு சன்னல் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அடிப்பக்கத்தைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, விமானத்தின் வயிறு எவ்வளவு யோசித்து வர்ணம் அடிக்கப்பட்ட இடம் என்று தெரிந்தது. மேற்பக்க மறைப்பு வர்ணம் மேலே பறக்கும் எதிரிக்காக. கீழ்ப்பக்கம் தரையில் நிற்பவருக்காக. போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் போர்விமானங்களின் அடியில் ஒரு பாதியைக் கறுப்பாகவும் மறுபாதியை வெள்ளையாகவும் அடித்தார்கள். தரையில் இருக்கும் பீரங்கிக்காரரும் காவலரும் இது நம்முடையது என்று அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அது. பிறகு 1940-இல் ‘ஸ்கை’ என்ற வெளிர் பச்சை கலந்த நிறம் வந்தது. அதற்கும் பின் போர்விமானங்களுக்கு நடுத்தரக் கடற்சாம்பல்.

வட்ட முத்திரையின் கதை இதைவிட நம் பக்கத்துக் கதை. பிரிட்டிஷ் விமானப்படையின் முத்திரையில் நடுவே சிவப்பு வட்டம் இருக்கும். ஜப்பானின் முத்திரையே ஒரு சிவப்பு வட்டம்தான். பர்மா முனையில் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குச் சிவப்பு மட்டும் கண்ணில் பட்டால், சொந்த விமானத்தையே சுட்டுவிடுவான். அதனால் இந்தியா, பர்மா பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கரு நீலத்துக்கு நடுவே வெளிர் நீலம் என்று இரண்டே நிறமாக, அளவிலும் சிறியதாக அந்த முத்திரை மாறிற்று. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படை முதல் அணியின் ஹரிக்கேன்களும் இந்த நீல முத்திரை இருந்த காலத்தவையே. கிட்டுடன் வரும் டெக்காலில் சிவப்பு நடுவுள்ளது மட்டும் இருந்தால் நான் அதை ஏற்றமாட்டேன். இரண்டு நீலத்தையும் வட்ட வார்ப்புருவை வெட்டி ஏர்பிரஷில் அடித்துவிடுவேன். இதில் வெளிர் நீலம்தான் முதலில். அது காய்ந்தபின் நடுவை மறைத்துவிட்டு, சுற்றிலும் கரு நீலம்.

ஹரிக்கேனின் வயிற்றில் பார்க்க நிறைய உண்டு. இரண்டு சக்கரக் குழிகளுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் ரேடியேட்டர். 20 மி.மீ. பீரங்கி நான்கு கொண்ட 2சி வகையில் வெற்றுத் தோட்டாக்கள் கீழே விழுவதற்கான துளைகள் இறக்கைக்கு அடியில். எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் காற்றோட்டத்தோடு பின்னோக்கிப் போய் வயிற்றில் பழுப்புக் கோடுகளாகப் படியும். இதைத் தீட்ட எண்ணெய் வர்ணத்தில் ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைன் தொட்டு ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் முன்னிருந்து பின்னாக இழுத்தால் போதும். குறுக்கே ஒரு இழுப்பு போனாலும் விமானம் பறந்ததாகத் தோன்றாது. பின்பாதி உடல் மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. நல்ல கிட்டில் அந்தச் சட்டங்களின் மேடு துணிக்கு மேலே தெரியும். இங்கேதான் பலரும் அளவுக்கு மீறிப் போகிறார்கள். வர்ணம் உரிந்து உலோகம் பளபளப்பதாகக் காட்டுவதற்கு வெள்ளிப் பொட்டுகளை உடல் முழுக்க வைக்கிறார்கள். துணிக்கு அடியில் ஏது வெள்ளி?

துருவும் அப்படித்தான். எல்லா விமானத்திலும் ஆரஞ்சுத் துரு பூசிவிடுகிற வழக்கம் வந்துவிட்டது. விமானத்தின் மேல்தகடு அலுமினியக் கலவை. அது அரித்தால் வெளுத்த பொடிதான் வரும், செந்துரு வராது. இரும்பிலும் ஒரே துரு கிடையாது. புதுத் துரு ஆரஞ்சு, பழந்துரு கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்த பழுப்பு. காரைக்குடிக்காரர்கள் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் வெட்கக்கேடு என்று நினைப்பேன். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. துருவைப் பார்த்துப் படிக்க நான் போவது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு. எனாமல் தூக்குகளில் எனாமல் பெயர்ந்த இடத்தைப் பாருங்கள்: நடுவில் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு, எனாமலின் விளிம்பை ஒட்டி மெல்லிய ஆரஞ்சு. மாதிரிக் கப்பல் செய்யும்போது எனக்கு அதுதான் பாடம்.

பார்வையை இப்படித் திருப்பிப்போடுவதை ஆத்தங்குடியில் தினமும் செய்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் தயாராவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தலைகீழ் வேலை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வர்ணம் கலந்த சிமென்ட் கரைசலை முதலில் ஊற்றுவார்கள். பிறகு அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, மேலே கலவையை வைத்து மட்டம் செய்வார்கள். தண்ணீரில் ஊறவைத்து எடுத்தபின் கண்ணாடி கழன்று வரும். நாம் காலால் மிதிக்கும் மழமழப்பான முகம் செய்யும்போதெல்லாம் அடியில் இருந்தது. கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியதை முதலில் போடு என்பது அவர்கள் கணக்கு.

விமானியின் கண்ணாடி மூடிக்கு நான் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். மூடியின் கண்ணாடிப் பகுதிகளை மெல்லிய டேப்பை வெட்டி மறைத்துவிட்டு, சட்டங்களுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். நேரே வெளிநிறத்தை அடித்தால், கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பவருக்குச் சட்டத்தின் உட்புறமும் வெளிநிறமாகவே தெரியும். நிஜ விமானத்தில் உள்ளே பச்சை. அதனால் முதலில் உட்புறப் பச்சை, அதன்மேல் வெளிநிறம். டேப்பை உரித்தால் வெளியிலிருந்து ஒன்று, உள்ளிருந்து ஒன்று. பஃபலோவின் வயிற்றுச் சன்னலுக்கும் இதே முறை.

மண்ணுக்கு வருகிறேன். சக்கரத்திலும் வயிற்றிலும் ஒட்டும் புழுதிக்கு வெளிநாட்டு நிறப்பொடிகள் குப்பியில் விற்கின்றன. எனக்குக் கானாடுகாத்தான் சாலையோரத்துச் செம்மண் போதும். ஆனால் அப்படியே எடுத்துத் தூவ முடியாது. அரை மில்லிமீட்டர் மணல் 1/72 விமானத்தில் 36 மில்லிமீட்டர் கல் ஆகிவிடும்; சக்கரத்தில் ஜல்லி ஒட்டியதுபோலத் தெரியும். குயவர்கள் களிமண்ணைத் தெளிய வைப்பார்களே, அதையே செய்கிறேன். வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, கனத்த மணல் அடியில் இறங்கச் சற்று விட்டு, மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒருமுறை இதேபோல. கடைசிக் கலங்கலை இரவு முழுக்க அசையாமல் வைத்தால் காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் பாலேடு கனத்துக்குச் செம்மண். நீரை வடித்து, வெயிலில் காயவைத்து, கரண்டியின் முதுகால் பொடித்தால் விரல் ரேகைக்குள்ளேயே போய் உட்காரும் நைஸ் கிடைக்கும். உலர்ந்த தூரிகையால் அதைச் சக்கரக் குழிக்குள் வைத்து, ஒரு துளி ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் வாரியடிக்கும் இடத்தில் கூட்டியும், பின்னால் போகப் போகக் குறைத்தும் வைக்க வேண்டும்.

இந்த மண்ணை எங்கோ தூரத்து விமானத்தில் பூசுகிறோமே என்ற உறுத்தலும் எனக்கு இல்லை. செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. செம்மண் பூமிக்கும் முள்ளுக்கும் நடுவே நீளமான தட்டைத் தளம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அது இருப்பதே தெரியாது.

விமானம் என்ற பேச்சு வந்தால் காரைக்குடியில் அழகப்ப செட்டியாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனில் சட்டம் படிக்கப் போனவர் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார். பிறகு ஜூப்பிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தினார். கல்லூரிகளும் அந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் கொடுத்த நிலமும் பணமும் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. விமானி அழகப்பரைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. போர் முடிந்து மிஞ்சிய டக்கோட்டா போக்குவரத்து விமானங்களை வாங்கித்தான் அந்தக் காலத்து இந்திய விமான நிறுவனங்கள் பல ஓடின. அதே வகை விமானம்தான் 1942-இல் பர்மாவின் மிச்சினாவிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்ததும். நடந்துவந்தவர்களோடு ஒப்பிட்டால் அதில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம்தான்.

அடுத்து அந்த டக்கோட்டாவைத்தான் செய்யப் போகிறேன். ஏர்ஃபிக்ஸின் 1/72 கிட் வந்துவிட்டது. அப்பத்தா போனபிறகு நான் எந்த விமானத்தையும் அலமாரியில் நிறுத்துவதில்லை. சக்கரத்தை மடக்கி, தூண்டில் நைலானில் அறையின் தேக்கு மச்சிலிருந்து தொங்கவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்த்தாக வேண்டும். டக்கோட்டாவுக்கு இறக்கை மட்டும் 40 சென்டிமீட்டர் வரும். பழைய தொட்டில் கொக்கிகள் இரண்டுக்கும் நடுவே அதற்கு இடம் இருக்கிறது. இறக்கை இரண்டையும் ஒட்டும் முன்பே நூல் கோக்கும் துளைகளை எடை நடுப்பார்த்துப் போட்டுவிட வேண்டும். சுழலும் புரொப்பெல்லருக்கு மெல்லிய ஒளிபுகும் தகட்டில் வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன்.

டக்கோட்டாவில் இன்னொன்று. மற்ற விமானங்கள்போல அதன் சக்கரம் முழுதாக உள்ளே போகாது. மடக்கினாலும் ஒரு பகுதி எஞ்சின் கூட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு அந்த டயர் நன்றாகத் தெரியும். அதனால் சக்கரத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன்: டயருக்கு முழுக் கறுப்பாக இல்லாத கரும்சாம்பல், தரையில் தேயும் பகுதிக்கு இன்னும் கொஞ்சம் வெளுப்பு, அதன்மேல் நம் செம்மண்.